சிக்குரி: இரண்டு குச்சி, கொஞ்சம் உல்லன் நூல், நடுவில் ஒரு கண்

சிக்குரி செய்யத் தறி வேண்டாம், ஊசி வேண்டாம், முன் அனுபவம் எதுவும் வேண்டாம். இரண்டு குச்சியைக் குறுக்காகக் கட்டி, நூலை அந்தக் குறுக்குக் குச்சியின் நாலு கையிலும் மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டே போனால் நடுவிலிருந்து ஒரு சதுரம் வளரும். செய்ய வேண்டிய அசைவு ஒன்றே ஒன்றுதான், அதையே திரும்பத் திரும்பச் செய்கிறோம். அதனால்தான் குழந்தைகளுக்கான கைவேலை என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் கோணல் இல்லாமல், தொய்வு இல்லாமல் ஒன்றை முடித்துப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

செய்முறைக்கு முன்னால் இது யாருடையது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேற்கு மெக்சிகோவில் சியெர்ரா மாத்ரே மலைத்தொடரில், ஹலிஸ்கோ, நயாரித், துராங்கோ, சகதேகாஸ் என்ற நாலு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில் விஷாரிக்கா மக்கள் வாழ்கிறார்கள். வெளியார் இவர்களை வீச்சோல் என்பார்கள். குறுக்குக் குச்சியில் நூல் சுற்றிய இந்தப் பொருள் அவர்களுக்குச் சிக்குரி. ஸ்பானியத்தில் 'கடவுளின் கண்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது, அமெரிக்கக் கோடை முகாம்களில் ஐஸ் குச்சியை வைத்துப் பிள்ளைகள் செய்கிற அளவுக்கு. நார்வேக்காரர் கார்ல் லூம்ஹோல்ட்ஸ் 1890களில் இந்த மலைகளில் சுற்றி, இவர்களுடைய சடங்குப் பொருள்களைப் பற்றி 1900இல் வெளியிட்ட ஆய்விலேயே இந்தக் கண்கள் வந்துவிடுகின்றன.

அவர்களுக்கு இது வேண்டுதலோடு சேர்ந்த பொருள், முக்கியமாகக் குழந்தைகளோடு சேர்ந்தது. மக்காச்சோளமும் பூசணியும் விளைந்து வரும் சமயத்தில் தத்தேய் நெய்ஷா என்று ஒரு விழா நடக்கும். அதில் சின்னக் குழந்தைகள் கையில் கிலுகிலுப்பையும் சிக்குரியும் வைத்திருப்பார்கள். மராக்காமே எனப்படும் பூசாரி மத்தளத்தைத் தட்டிப் பாடிக்கொண்டே, அந்தக் குழந்தைகளைப் பாட்டிலேயே கிழக்கே இருக்கும் விரிகூத்தா என்ற புனித நிலத்துக்கு அழைத்துப்போவார். விரிகூத்தா இருப்பது சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்துப் பாலைவனத்தில். பெரியவர்கள் நிஜமாகவே அங்கே யாத்திரை போகிறார்கள். அந்த யாத்திரைப் பாதையை யுனெஸ்கோ 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குழந்தை பிறந்ததும் நடுக்கண், பிறகு வருடத்துக்கு ஒன்றாகச் சேர்த்து மொத்தம் ஐந்து கண் என்பது வழக்கம். நாலு திசையும் நடுவும் சேர்ந்து ஐந்து.

நாம் வீட்டில் செய்வது அந்தச் சடங்குப் பொருள் ஆகாது, நுட்பத்தை மட்டும் கற்றுக்கொள்கிறோம். செய்ததை யாருக்காவது கொடுத்தாலோ விற்றாலோ எந்த மக்களிடமிருந்து வந்தது என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள், 'மெக்சிகன் டிசைன்' என்று மொட்டையாக விடாதீர்கள். இன்னொன்று, பலகையில் தேன்மெழுகு தடவி அதில் நூலை அழுத்தி அழுத்தி மான், சூரியன் எல்லாம் வரைகிறார்களே, அதுவும் இவர்களுடையதுதான், ஆனால் அது வேறு வேலை. இங்கே மெழுகே கிடையாது.

சரி, சாமான்கள்.

குச்சி: 25 செ.மீ. நீளத்தில் இரண்டு, பென்சிலைவிடக் கொஞ்சம் ஒல்லியாக. உருண்டையான மூங்கில் குச்சி நல்லது. ஐஸ் குச்சி தட்டையாக இருப்பதால் ஓரத்தில் நூல் மடங்கி நிற்கும், பார்க்கவும் பிடிக்கவும் சுமார்தான். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கலாம். கபாப் குத்துகிற மெல்லிய குச்சி வேண்டாம், நூலை இழுக்க இழுக்க வளையும்.

நூல்: சாதாரண அக்ரிலிக் உல்லன் நூலே போதும். இந்த அளவுக்கு எல்லா நிறமும் சேர்த்து 20 மீட்டர் தாராளம். முதல் தடவை பளபளப்பான பட்டு நூலோ தையல் நூலோ எடுக்காதீர்கள், வழுக்கி வழுக்கி வெறுப்பேற்றும். நிறம் உங்கள் விருப்பம். விஷாரிக்கா மக்களின் மக்காச்சோளத்தில் நீலம், வெள்ளை, ஊதா, மஞ்சள், பல நிறம் கலந்தது என்று ஐந்து வகை உண்டு, ஐந்தும் அவர்களுக்குப் புனிதம். எந்த நிறம் எடுப்பது என்று தெரியாவிட்டால் அங்கிருந்து ஆரம்பிக்கலாம். எனக்குப் பிடித்தது நடுவில் அடர்நிறம், அதைச் சுற்றி ஒரு வெளிர்நிறம், மறுபடி அடர்நிறம். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி நிறங்களை வைத்தால் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது கண்ணே தெரியாது.

பிறகு பேனாக்கத்தி, உப்புத்தாள், கத்தரிக்கோல். அவ்வளவுதான்.

1. காடி வெட்டுதல்

இரண்டு குச்சியிலும் சரி நடுவைப் பென்சிலால் குறியுங்கள். குறித்த இடத்தில் குச்சியின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குச் சின்னதாக ஒரு காடி, அதாவது பள்ளம், வெட்டுங்கள், அகலம் மற்றக் குச்சி உட்காரும் அளவு. அதைவிட ஆழமாகப் போனால் குச்சி அங்கேயே முறியும். இரண்டு காடியும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்தால் குறுக்குக் குச்சி ஆடாது. காடி எதற்கு, பெவிகால் வைத்து ஒட்டிவிடலாமே என்றால், ஒட்டலாம், ஆனால் நூலின் இழுப்பு எப்போதும் குச்சிகளைத் திருப்பப் பார்க்கும். வழவழப்பான இரண்டு குச்சி ஒரே புள்ளியில் தொடும் இடத்தில் பசை அதிக நேரம் தாங்காது. வெட்டிய இடத்தையும் முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், சிலாம்பு இருந்தால் நூலைப் பிய்த்துவிடும்.

2. நடுக்கட்டு

குச்சிகளைக் கூட்டல் குறி போல வைத்து, நூலின் நுனியைச் சந்திப்பில் முடிச்சுப் போடுங்கள். முடிச்சு பின்பக்கம் இருக்கட்டும். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சாய்வாக ஐந்தாறு சுற்று. அடுத்து வலது மேலிருந்து இடது கீழுக்கு அதே ஐந்தாறு சுற்று. சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக விழ வேண்டும். நடுவில் மரம் தெரியாமல் ஒரு சின்னப் பொட்டு வந்திருக்கும்; கண்ணின் பாப்பா அதுதான். இதை இறுக்கமாகவே கட்டுங்கள், வேலை முழுக்க நன்றாக இறுக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

இப்போது ஒரு காகிதத்தின் மூலையை நாலு இடுக்கிலும் வைத்துப் பாருங்கள். நாலும் நேர்கோணமாக இருந்தால் தொடரலாம். சாய்ந்திருந்தால் கையால் திருப்பிச் சரிசெய்யுங்கள், இந்தக் கட்டத்தில் இரண்டு நொடி வேலை. பத்துச் சுற்று போன பிறகு முழுதும் பிரிக்க வேண்டியிருக்கும்.

3. சுற்றுதல்

இதை நிதானமாகப் படியுங்கள், மற்றது எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

சந்திப்பை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள், ஒரு குச்சிக்கை நேராக மேலே பார்க்கட்டும். நூல் அதன் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். மேல்கையின் முன்பக்கமாக நூலை வலப்பக்கம் கொண்டுபோங்கள், பின்னால் விட்டு இடப்பக்கம் எடுங்கள், மறுபடி முன்பக்கமாக வலப்பக்கம். அதாவது முன்னால், பின்னால், முன்னால். இந்தக் கையின் வேலை முடிந்தது. லேசாக இழுத்து, நூலைச் சந்திப்பை நோக்கி நகத்தால் தள்ளுங்கள்.

இப்போது கையை மாற்றாமல் குச்சிகளை மட்டும் கால் வட்டம் இடப்பக்கமாகத் திருப்புங்கள். வலதுபக்கம் இருந்த கை மேலே வந்திருக்கும், நூல் மறுபடி அதன் இடப்பக்கத்திலிருந்து வரும். அதே முன்னால், பின்னால், முன்னால். திருப்பு. மறுபடி. நாலு கையும் முடிந்தால் ஒரு சுற்று. இடது கைக்காரர்கள் வலம் இடத்தை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

புதுச் சுற்று எப்போதும் பழையதற்கு வெளிப்பக்கமாக, அதை ஒட்டி, பாயில் கோரை படுத்திருப்பது போல வரிசையாகப் படுக்க வேண்டும். பழையதன் மேல் ஏறினால் அங்கே ஒரு மேடு வரும். அடுத்த சுற்று அந்த மேட்டில் வழுக்கும், பிறகு அந்தப் பக்கம் முழுவதும் கெட்டுவிடும்.

இழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும்? இரண்டு கைக்கு நடுவே நிற்கும் நூலை விரலால் அமுக்கினால் கொஞ்சம் உள்ளே போய் உடனே திரும்பி வர வேண்டும். உள்ளே போய் அங்கேயே தொங்கினால் தளர்ச்சி. அமுக்கவே முடியாமல் கம்பி மாதிரி நின்றால் அதிக இறுக்கம், குச்சி வளைந்துவிடும். நாலு பக்கமும் ஒரே இழுப்பில் இருப்பதுதான் முக்கியம், சற்றுத் தளர்வாக இருந்தாலும்கூடப் பரவாயில்லை.

4. நிறம் மாற்றுதல்

எப்போதும் ஒரு சுற்று முழுதாக முடிந்த இடத்தில், அதே கையில் மாற்றுங்கள். நடுப்பக்கத்தில் மாற்றினால் ஒரு மூலையில் நிறம் ஒரு வரி குறைந்து கண்ணை உறுத்தும். பழைய நூலைப் பத்து செ.மீ. விட்டு வெட்டி, புது நூலோடு குச்சியின் பின்பக்கம் ஒட்டினாற்போல முடிச்சுப் போடுங்கள். இரண்டு வாலையும் குச்சியோடு சேர்த்துப் பிடித்து, அடுத்த சுற்றுகளை அவற்றின் மேலேயே சுற்றினால் வால் உள்ளே மறைந்துவிடும், பிறகு வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். ஒரு நிறத்துக்கு நாலைந்து சுற்றாவது கொடுங்கள்.

5. புடைப்பு

நாம் இதுவரை செய்ததில் நூல் குச்சிக்கு முன்னால் ஒரே தளமாக நிற்கும். 'முன்னால், பின்னால், முன்னால்' என்பதைப் 'பின்னால், முன்னால், பின்னால்' என்று மாற்றினால் நூல் உள்ளே இறங்கி, குச்சிகள் முன்னால் எலும்பு போலப் புடைத்து நிற்கும். இதற்கு அசைவை மாற்றக்கூட வேண்டாம், முழுதையும் புரட்டிப் பிடித்து அதையே செய்தால் போதும். ஐந்து சுற்று இப்படி, ஐந்து சுற்று அப்படி என்று மாற்றினால் படிக்கட்டு போட்ட மாதிரி ஆழம் கிடைக்கும். நடுவில் எழுந்து போய் வந்து, தெரியாமல் புரட்டிப் பிடித்துத் தொடர்ந்தாலும் இதேதான் நடக்கும்; ஒரு வரி மட்டும் திடீரென உள்ளே போயிருந்தால் காரணம் அது.

சதுரம் சாய்ந்து டயமண்ட் ஆகிறதா? ஒரு ஜோடிப் பக்கத்தில் இழுப்பு கூடியிருக்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் இடைவெளி தெரிகிறதா? ஒரு கையைத் தாண்டிப் போயிருப்பீர்கள். பின்பக்கத்தில் நாலு கையிலும் சுற்றுகளை எண்ணுங்கள், எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

6. முடித்தல்

முனையிலிருந்து ஒன்றரை செ.மீ. இருக்கும்போது நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் நூல் கழன்று விழும். கடைசிக் கையில் இரண்டு முடிச்சு, அதில் ஒரு துளி பெவிகால், காய்ந்ததும் வெட்டுங்கள். முனைகளுக்குக் குஞ்சம் வேண்டுமானால் மூன்று விரலில் நூலை இருபது சுற்று சுற்றி, ஒரு பக்கம் கட்டி, மறுபக்கம் வெட்டினால் ஆயிற்று. மணி, ஜிகினா எல்லாம் வேண்டாம் என்பது என் கட்சி, நூலின் வரிசைதான் இதன் அழகு.

ஐந்து கண்

ஒன்று நன்றாக வந்தபிறகு இதற்குப் போகலாம். 40 செ.மீ. குச்சி இரண்டு, 10 செ.மீ. குச்சி நாலு. பெரிய குச்சிகளில் நடுக்கண்ணை மேலே சொன்னபடி, சந்திப்பிலிருந்து ஒவ்வொரு கையிலும் 8 செ.மீ. வரை மட்டும் சுற்றி முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் சின்னக் குச்சிகளைக் கட்ட வேண்டும். முதலிலேயே கட்டிவிட்டால் நடுக்கண் சுற்றும்போது நூல் அவற்றில் மாட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கையிலும் முனையிலிருந்து 6 செ.மீ. உள்ளே ஒரு சின்னக் குச்சியைக் குறுக்காக வைத்து, அதே சாய்வுக்கட்டு. இப்போது அந்தச் சந்திப்பு தனியாக ஒரு கூட்டல் குறி, அதையே தனிக் கண்ணாகச் சுற்றுங்கள், கைக்கு 4 செ.மீ. வந்ததும் நிறுத்தினால் நடுக்கண்ணுக்கும் இதற்கும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். இந்த இடுக்கில் நூல் உருண்டை நுழையாது, அதனால் ஒவ்வொரு சின்னக் கண்ணுக்கும் நாலைந்து மீட்டர் நூலை முன்கூட்டியே வெட்டி, தீப்பெட்டி அளவு அட்டையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.