டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

காசிமேட்டில் மீன் விற்கும் என் சித்தி ஒரு க்ரீம் டியூபை நீட்டி, "இதப் போடலாமா, பாரு" என்றார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'க்ளோபெடசால்'. அது ஸ்டீராய்டு, அதாவது தோலின் வீக்கம், அரிப்பை அடக்கும் மருந்து. டாக்டர் சொல்லாமல் முகத்தில் தடவவே கூடாது. முதலில் நிறம் கொடுப்பது போலத் தெரியும், போகப் போகத் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தாலும் ஸ்டீராய்டுதான். மாதக்கணக்கில் தடவியவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பாருங்கள். ஸ்டான்லி மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது.

சரி, எதை வாங்குவது? நம் பக்கத்துப் புழுக்கத்தில் எண்ணெய் வழியும் முகத்துக்கு 2 சதவீத சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ்வாஷ் நல்லது. அந்த அமிலம் எண்ணெயில் கரைவதால் தோலின் நுண்துளைக்குள் போய் அடைப்பை எடுக்கும். பரு விட்டுப்போன கருமைக்கு நியாசினமைடு (வைட்டமின் பி3-இல் ஒரு வகை) உள்ள க்ரீம், 5 சதவீதமே போதும். வறண்ட தோலுக்கு விலை உயர்ந்த எதுவும் வேண்டாம், கிளிசரின் போதும். டப்பாவின் பின்பக்கம் உள்ள பொருள் பட்டியலில் முதல் நாலைந்து பெயருக்குள் அது இருக்கிறதா பாருங்கள். அதிகமாகச் சேர்த்த பொருள்தான் முதலில் வரும்.

சித்திக்கு நான் வாங்கிக் கொடுத்தது எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 உள்ள சன்ஸ்க்ரீன். காலையிலிருந்தே வெயிலில் உட்காருபவர். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி முகம், கழுத்தில் தடவ வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வேர்வையைத் துடைத்தாலும் திரும்பவும்.

புதிதாக எது வாங்கினாலும் முதலில் சில நாள் முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் அப்புறம் முகத்துக்கு.