அப்பா அம்மா வீட்டில் பிள்ளைகளோடு குடியிருக்கப் போகிறீர்களா?

கணவருக்கு வளைகுடாவில் வேலை. நான் பிள்ளைகளோடு பாளையங்கோட்டையில் அப்பா அம்மாவுடன் இருக்கிறேன். எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு இப்படி ஒரு குடும்பம் உண்டு. சேர்ந்து இருக்க வருகிறவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: வீடு பெரியவர்களுடையதாகவே இருக்கட்டும். அடுக்களையிலும் சரி, பணத்திலும் சரி, பத்திரத்திலும் சரி.

சாமான் ஏற்றுவதற்கு முன்பே அண்ணன், மதினியிடம் பேசிவிடுங்கள். எவ்வளவு காலம், எந்த அறை, செலவு யாருடையது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆனித் தேரோட்டத்துக்கு அவர்கள் வந்தால் தங்குகிற அறையில் நம் அட்டைப்பெட்டிகளை அடைக்காதீர்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மனசில் நிற்கும்.

கரண்டு பில் முழுவதும் நம் பொறுப்பு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் பெரியவர்கள் மட்டும் இருந்தவரை பில் பெரிதாக வந்திருக்காது. நம் ஏசி ஓட ஆரம்பித்தால் 500 யூனிட்டைத் தாண்டும். தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமில்லை, அதற்குக் கீழே ஒரு பகுதிக்கும் விலை கூடிவிடும். மளிகைக்கும் பாலுக்கும் மாதம் பிறந்ததும் அம்மா கையில் பணமாகக் கொடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள். அப்பாவின் பென்ஷன் ஏடிஎம் கார்டு அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். இயந்திரத்தில் தடுமாறினால் கூடப் போய் நில்லுங்கள், ரகசிய எண்ணை அவரே அழுத்தட்டும்.

அடுக்களைதான் நுணுக்கமான இடம். அஞ்சறைப்பெட்டி இருக்கிற இடத்தைக்கூட மாற்றாதீர்கள். சொதி வைக்கிற நாளில் தேங்காய் துருவுவதும் பால் பிழிவதும் என் வேலை. மூன்றாம் பாலில் காய் வெந்து, கடைசியில் கெட்டிப்பால் ஊற்றும்போது கரண்டி அம்மா கைக்குப் போய்விடும். ஓரத்தில் லேசாக நுரை கூடும்; கொதி வருவதற்குள் இறக்கிவிட வேண்டும். அந்தப் பதம் அம்மாவுக்கு அத்துபடி, நான் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டு நிற்பேன். குனிந்து நிமிர்கிற வேலை, மாவாட்டுவது, ராத்திரிப் பலகாரம் எல்லாம் நம்முடையது. அடுப்பில் என்ன ஏற்றுவது என்பதை அம்மா சொல்லட்டும்.

தாத்தா டவுனுக்குப் போய் அல்வாப் பொட்டலத்தோடு வந்தால் பிள்ளைகள் முன்னால் ஒன்றும் சொல்லக் கூடாது. சொல்லியே ஆக வேண்டுமென்றால் அப்புறம் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், தனியாகச் சொல்லுங்கள். ஆச்சியையும் பிள்ளை பார்க்கிற ஆளாக ஆக்கிவிடாதீர்கள். கோயிலுக்கோ தங்கச்சி வீட்டுக்கோ போக வேண்டும் என்றால், அன்றைக்கு லீவு போட வேண்டியது நாம்.

“வீட்டை உன் பேருக்கு எழுதிவிடுகிறேன்” என்று அப்பா சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். உயிலாக எழுதட்டும், அவர் இருக்கும்வரை வீடு அவருடையது, மனம் மாறினால் உயிலையும் மாற்றலாம். இப்போதே வீட்டை உங்கள் பேருக்கு மாற்றிவிடுகிற செட்டில்மென்ட் பத்திரம்தான் என்று பிடிவாதமாக இருந்தால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க முடியும். பெற்றவர்கள் கூச்சப்பட்டு இதைக் கேட்க மாட்டார்கள். எழுதி வாங்குகிற நாம்தான் வக்கீல் முன்னால் கேட்க வேண்டும். பதிவு முடிந்ததும் பத்திர நகல் ஒன்றை அண்ணனுக்கும் அனுப்பிவிடுங்கள்.