புவேர்ட்டோ ரிக்கோவின் மரணக் கணக்கு: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல், கரீபியன் கடலில் அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியாக இருக்கும் (ஆனால் மாநிலம் அல்லாத) புவேர்ட்டோ ரிக்கோ தீவைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போனது. எத்தனை பேர் இறந்தார்கள்? அந்த ஆண்டு டிசம்பரில் அரசு சொன்ன கணக்கு 64. அடுத்த ஆண்டு மே மாதம் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட மதிப்பீடு 4,645. ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2,975 என்றது. அரசும் தன் பழைய எண்ணைக் கைவிட்டு அதை ஏற்றுக்கொண்டது. இந்த மூன்றில் ஒன்று மெய், மற்ற இரண்டும் பொய் என்று எடுத்துக்கொள்வதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு. ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் எண்ணப்பட்டது. எப்படி எண்ணினார்கள் என்று கேட்காமல் எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினால் விவாதம் நடக்கும், விஷயம் விளங்காது.

64 எப்படி வந்தது? மரணத்துக்குப் புயல்தான் காரணம் என்று தடயவியல் அலுவலகம் உறுதிசெய்தால்தான் அது பட்டியலில் ஏறும். அந்த அலுவலகம் தலைநகர் சான் ஹுவானில் இருந்தது. சாலை அறுந்து, மின்சாரம் போய், தொலைபேசி செத்துக் கிடந்த நாட்களில் மலைக்கிராமத்தில் இறந்த முதியவரின் உடலை யார் அங்கே கொண்டுபோவது? மருத்துவர் எழுதிய சான்றிதழில் மாரடைப்பு என்றோ நீரிழிவு என்றோ இருக்கும். எழுதியதில் பிழையும் இல்லை. ஆனால் இன்சுலினைக் குளிர்ப்பதனப் பெட்டியில் வைக்க மின்சாரம் இல்லாமல் போனதற்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள வியேக்கஸ் என்ற சிறு தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த மருத்துவமனையைப் புயல் பாழாக்கியது. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் வாரம் மூன்று முறை சிறு விமானத்தில் ஏறிக் கடல் தாண்டி ஊமகாவோ நகருக்குப் போய்வர வேண்டியிருந்தது. அப்படி அலைந்து ஒருவர் இறந்தால் சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு என்றுதான் இருக்கும். காரணவாரிப் பட்டியலை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்குப் புயல் தெரியாது.

இதனால்தான் ஆய்வாளர்கள் காரணத்தை விட்டுவிட்டு மிகை மரணத்தைக் கணக்கிட்டார்கள். வழக்கமாக இத்தனை பேர் இறந்திருப்பார்கள், உண்மையில் இத்தனை பேர் இறந்திருக்கிறார்கள், வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் அந்தக் கணக்கு.

இங்கேதான் அடுத்த தவறு காத்திருக்கிறது. ஹார்வர்டு குழு 3,299 வீடுகளுக்குப் போய்க் கேட்டது. அந்த வீடுகளில் மொத்தம் சுமார் 9,500 பேர். புயலுக்குப் பிறகு, ஆண்டு இறுதி வரை, அவர்களிடையே நிகழ்ந்த மரணங்கள் 38. இதைத் தீவின் 33 லட்சம் பேருக்கும் விரித்துப் பாருங்கள்: கணக்கெடுப்பில் ஒரே ஒரு மரணம் கூடினாலும் குறைந்தாலும் இறுதி எண் 350 அளவுக்கு நகரும். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. மதிப்பீடு 793 முதல் 8,498 வரை எங்கும் இருக்கலாம் என்று அவர்களே அச்சிட்டார்கள். செய்திகளில் அந்த வீச்சு உதிர்ந்துபோனது. 4,645 மட்டும் மிஞ்சியது. சான் ஹுவானில் சட்டமன்றக் கட்டடத்தின் முன் மக்கள் இறந்தவர்களின் காலணிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். அந்த எண் துக்கத்தின் அடையாளமாகிவிட்டது. துக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். வீச்சை விழுங்கிய தலைப்புகளைச் சொல்வேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று பள்ளியில் படித்திருப்போம். இறந்தவர்கள் தொகுதி, உயிரோடு அங்கே வாழ்பவர்கள் பகுதி. புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். விசா வேண்டாம், விமான டிக்கெட் போதும். புயலுக்குப் பின் அடுத்த பிப்ரவரிக்குள் மக்கள்தொகை சுமார் 8 சதவீதம் குறைந்தது என்று ஜார்ஜ் வாஷிங்டன் குழு கணக்கிட்டது. அதன் விளைவைக் கற்பனை எண்களில் பார்ப்போம். வழக்கமாக மாதம் 2,400 பேர் இறக்கும் தீவில் ஒரு மாதம் 2,500 பேர் இறக்கிறார்கள். மிகை நூறுதான் என்று தோன்றும். ஆனால் நூற்றில் எட்டுப் பேர் ஊரைவிட்டுப் போயிருந்தால், எதிர்பார்க்க வேண்டிய மரணங்கள் சுமார் 2,200. மிகை முந்நூறாகிறது. மக்கள் வெளியேறியதைக் கணக்கில் சேர்க்காமல் அதே குழு போட்டுப் பார்த்தபோது 2,975-இல் பாதியைக்கூட எட்டவில்லை. கீழே உள்ள ஓர் எண்ணைத் திருத்தியதும் மேலே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புலப்பட்டார்கள்.

வெளியேற்றம் புயலோடு தொடங்கியதும் அல்ல. 2010 கணக்கெடுப்பில் 37 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 2020-இல் 33 லட்சத்துக்கும் கீழே வந்தது. போகிறவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். பிறப்பு விகிதமோ உலகிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. எஞ்சுவது முதிய ஊர். முதிய ஊரில் ஆயிரம் பேருக்கு இத்தனை மரணம் என்ற பொது இறப்பு விகிதம் ஏறத்தான் செய்யும். அதைப் பார்த்து மருத்துவம் சீரழிந்துவிட்டது என்று எழுதுவது அவசர முடிவு. மருத்துவர்களும் ஊரைவிட்டுப் போகிறார்கள், அது மெய்தான். ஆனால் அதை இந்த விகிதத்தை வைத்து நிறுவ முடியாது. அண்மை ஆண்டுகளில் கரீபியனின் ஏழை நாடான ஹைட்டியின் பொது இறப்பு விகிதம் புவேர்ட்டோ ரிக்கோவைவிடக் குறைவு. சராசரி ஆயுட்காலத்திலோ ஹைட்டி பத்து ஆண்டுகளுக்கும் மேல் பின்தங்கியிருக்கிறது. ஹைட்டியில் இளையவர்கள் அதிகம், அவ்வளவுதான். இரண்டு ஊர்களை ஒப்பிட வேண்டுமானால் வயதுக்கேற்பச் சீராக்கிய விகிதத்தை, அதாவது இரண்டு ஊரிலும் முதியவர், இளையவர் பங்கு ஒன்றே என்று வைத்துக் கணக்கிட்டதைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒப்பிடாமல் விடுவது மேல்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எத்தனை பேர் ஒரு வயதுக்குள் இறக்கிறார்கள் என்ற சிசு மரண விகிதத்தையும் எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும். பிறப்புகள் குறையக் குறைய, சில குழந்தைகளின் மரணமே விகிதத்தைத் தூக்கிவிடும். ஓராண்டு ஏற்றத்தை நம்ப வேண்டாம்; மூன்று, ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, சிறியது போலத் தோன்றினாலும் ஆளைக் கவிழ்த்துவிடும். அமெரிக்க ஆவணங்களில் 'புவேர்ட்டோ ரிக்கர்' என்று இருந்தால் பெரும்பாலும் அது தீவில் வாழ்பவர்களைக் குறிக்காது. நியூயார்க்கிலும் புளோரிடாவிலும் குடியேறிய வம்சாவளியினரைக் குறிக்கும். அவர்கள் 50 லட்சத்துக்கும் மேல், தீவில் இருப்பவர்களைவிட அதிகம். அவர்களுடைய ஆஸ்துமா விகிதத்தையோ சிசு மரண விகிதத்தையோ எடுத்துத் தீவின் தலையில் கட்டிவிடுகிறார்கள். மறுபக்கம், அமெரிக்கா முழுமைக்கும் என்று வெளியாகும் பல அட்டவணைகளின் அடிக்குறிப்பில் '50 மாநிலங்களும் கொலம்பியா மாவட்டமும்' (அதாவது தலைநகர் வாஷிங்டனும்) என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த வரி இருந்தால், மேலே உள்ள எந்த எண்ணிலும் புவேர்ட்டோ ரிக்கோ இல்லை.