எச்.ஐ.வி. இருப்பதை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் ஒவ்வொரு ஆளாக நினைத்துப் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள்: இவருக்குத் தெரிந்தால் எனக்கு என்ன ஆகும்? தெரியாவிட்டால் இவருக்கு என்ன ஆகும்? இரண்டாவது கேள்வி பெரும்பாலும் கணவன், மனைவி, உடலுறவுத் துணை ஆகியோருக்குத்தான் பொருந்தும். மாமியாருக்கும் மேனேஜருக்கும் வீட்டு ஓனருக்கும் தெரிய வேண்டிய மருத்துவக் காரணம் எதுவுமே இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால் இது ஒட்டாது.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமும் இதையே சொல்கிறது: நீதிமன்ற உத்தரவு இருந்தால் தவிர, சொல்லச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதும் தவறு.

ரிசல்ட் வந்த அன்றே எல்லோரிடமும் கொட்டிவிடாதீர்கள். அந்த வாரம் பேசுவது நீங்களல்ல, உங்கள் பயம். நம்பிக்கை மைய (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகரிடம் முதலில் பேசிப் பழகுங்கள். ஆணுறை கட்டாயம். மாத்திரையைத் தாமதிக்க வேண்டாம். மாத்திரை தொடங்கிய ஆறாவது மாதம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் எண்ணிக்கை, பார்ப்பார்கள். அது மில்லிலிட்டருக்கு 200க்குக் கீழே இறங்கி அப்படியே நின்றால் உடலுறவு வழியே பரவாது. இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சே வேறு மாதிரி போகும். ஆனால் மனைவியிடமோ கணவரிடமோ சொல்ல ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. அவருக்கும் பரிசோதனை வேண்டுமே.

துணையிடம் சொல்வதுதான் கடினம். பிள்ளைகள் தூங்கிய பிறகு என்று பலர் நினைக்கிறார்கள். இரவு பதினோரு மணிக்குச் சொன்னால் விடியும்வரை அழ மட்டும்தான் முடியும். மறுநாள் காலையிலேயே மையத்துக்குப் போகும்படி ஒரு மாலை நேரம் நல்லது. குடித்திருக்கும்போது வேண்டாம், சண்டைக்கு நடுவில் வேண்டாம், வாட்ஸப்பில் வேண்டவே வேண்டாம். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், ஊருக்கே தெரிந்துவிடும். "ஒண்ணு சொல்வேன், சத்தியமா கோவப்படக் கூடாது" என்று இழுத்தால் கேட்பவர் அதைவிட மோசமாகக் கற்பனை செய்துகொள்வார். நேராக: "எனக்கு ரத்தத்துல எச்.ஐ.வி. இருக்குன்னு வந்திருக்கு. மாத்திரை ஆரம்பிச்சிட்டேன். நீயும் டெஸ்ட் எடுக்கணும், நாளைக்கே போலாம்." பிறகு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். "யாரிடமிருந்து வந்தது?" என்ற கேள்வி உறுதியாக வரும். அன்றைக்கே முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. பொய் மட்டும் வேண்டாம்.

சிலர் எதுவும் தெரியாதவர்போல் துணையுடன் மையத்துக்குப் போய், சேர்ந்து பரிசோதித்து, அன்றுதான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வார்கள். பின்னால் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மாத்திரைச் சிகிச்சை) புத்தகத்தில் இருக்கும் பதிவுத் தேதி காட்டிக்கொடுத்துவிடும். நோயை மன்னித்தவர்கூட அந்த நாடகத்தை மன்னிப்பதில்லை. துணைக்கு நெகட்டிவ் என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற பயம் இருந்தால் தனியாகச் சொல்லாதீர்கள். ஆலோசகரை வைத்து மையத்திலேயே பேசலாம். வன்முறைக்கு அஞ்சும் பெண்ணுக்கு, உடலுறவுத் துணையிடம் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து அந்தச் சட்டமே விலக்கு தருகிறது. எய்ட்ஸ் உதவி எண் 1097, பெண்கள் உதவி எண் 181.

கல்யாணப் பேச்சு என்றால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே, பெற்றோர் வழியாக அல்லாமல் பெண்ணும் பிள்ளையும் நேரில் பேச வேண்டும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு சொல்வது வற்புறுத்தலாகிவிடும்.

வேறு டாக்டரிடம் போனால் நோயின் பெயரைவிட மாத்திரையின் பெயர் முக்கியம். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு, சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுத்தால் டோலுடெக்ராவிரைக் கூட்ட வேண்டும். இதை மறைத்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

நீங்கள் சொல்லாவிட்டாலும் மாத்திரை டப்பா சொல்லிவிடும். லேபிளைக் கிழித்துவிடலாம், ஆனால் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து வைக்காதீர்கள், ஈரம் பட்டுக் கெடும். டப்பாவுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் எறியாதீர்கள்.

எச்.ஐ.வி. உள்ள குழந்தைக்கு ஆறேழு வயதிலிருந்து துண்டு துண்டாகச் சொல்லுங்கள்: "உன் ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு, மாத்திரை அதைத் தூங்க வைக்குது." எந்த விஷயத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று புரிகிற வயதில், பன்னிரண்டுக்குள், பெயரைச் சொல்லிவிடலாம். தள்ளிப்போட்டால் மையத்துச் சுவரொட்டியைப் படித்துத் தானே தெரிந்துகொள்ளும். பெயரைச் சொல்லும் அன்றே, இது வேறு யாருக்கெல்லாம் தெரியும், யாரிடம் மனம்விட்டுப் பேசலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.