பனியன் கம்பெனியில் சமத்துவப் பயிற்சி: யாரை முதலில் உட்காரவைப்பது?

திருப்பூரில் பையர் ஆடிட், அதாவது துணி வாங்கும் கம்பெனியின் சோதனை, வருகிறது என்றால் அவசரமாக ஒரு பயிற்சி வைப்பார்கள். பெண்களை மட்டும் கூட்டி உரிமை பற்றிப் பேசி, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து, டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் எச்.ஆர். வேலையில் இருந்து, இதை உருப்படியாகச் செய்ய நினைத்தால், சூப்பர்வைசர்களையும் லைன் இன்சார்ஜ்களையும் முதலில் கூப்பிடுங்கள். டார்கெட் ஏறாதபோது கத்துவது யார், லீவு கேட்டால் நக்கலடிப்பது யார்?

அவர்களுக்குச் சொற்பொழிவு வேண்டாம், நடித்துக் காட்டச் சொல்லுங்கள். பாத்ரூம் போக ஒரு பெண் பவர் டேபிளிலிருந்து (தையல் மெஷினிலிருந்து) எழுகிறார், அந்த மணி நேரத்துக்கான பீஸ் எண்ணிக்கை குறைவாக இருக்கிறது, சூப்பர்வைசர் என்ன சொல்வார்? "இப்பதானே போன, மறுபடியுமா?" என்று ஒருவர் பழக்கதோஷத்தில் சொல்வார், எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். அப்புறம் ஆட்களை மாற்றி, அவரையே அந்தப் பெண்ணின் இடத்தில் உட்காரவைத்து, அதே வசனத்தை இன்னொருவர் சொல்லட்டும். ஒரு மணி நேர ஸ்லைடு இதில் பாதிகூடச் செய்யாது.

அடுத்து சட்டம். வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு கட்டாயம். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். புகார் கொடுக்க 3 மாதம், விசாரித்து முடிக்க 90 நாள். ஆள் குறைந்த யூனிட் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். குழுவில் யார் யார், எந்த நம்பர் என்பதைத் தமிழிலும், வடமாநிலத்தவர் இருந்தால் இந்தி, ஒடியாவிலும் எழுதி சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டுங்கள். எம்.டி. ரூம் வாசலில் ஒட்டினால் யார் நின்று படிப்பார்கள்? பெண் தொழிலாளர்கள் மீதான வன்முறையையும் தொல்லையையும் தடுக்க திண்டுக்கல்லில் 2022-இல் போட்ட ஒப்பந்தத்தின் கீழ், தொழிலாளர்களிலேயே சிலருக்குத் தொழிற்சங்கம் பயிற்சி கொடுத்து லைனைக் கவனிக்க வைத்தது. புகாரைப் பக்கத்து மெஷினில் இருப்பவரிடமே சொல்ல முடிவது பெரிய வித்தியாசம்.

ஆனால் நடத்தையை மட்டும் பேசினால் சம்பளச் சீட்டில் எதுவும் மாறாது. செக்கிங், டிரிம்மிங் எல்லாம் பெண்கள், கட்டிங் ஆண்கள் என்ற பிரிவு எப்படி வந்தது? கட்டிங்கை யாரும் பெண்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். எனவே பயிற்சி நேரத்தில் பாதியை மெஷினுக்கு ஒதுக்குங்கள்: கட்டிங், பேட்லாக் (ஒரு வகைத் தையல் மெஷின்), புரொடக்ஷன் ரிப்போர்ட் போடுவது. ஷிப்டுக்குள்ளேயே, சம்பளத்தோடு வையுங்கள். வேலை முடிந்த பிறகு வைத்தால் கம்பெனி பஸ் கிளம்பிவிடும், வீட்டில் சமையலும் காத்திருக்கும், முதலில் நின்றுவிடுவது கைக்குழந்தைக்காரர்தான்.

ஆறு மாதம் கழித்து இரண்டைப் பாருங்கள். எத்தனை பெண்கள் சூப்பர்வைசர் ஆனார்கள், அவர்களுக்கும் அதே வேலை பார்க்கும் ஆணுக்கும் கூலி ஒன்றுதானா (1976-லேயே இதற்குச் சட்டம் வந்தாயிற்று). புகார் பூஜ்யம் என்று ரிப்போர்ட் வந்தால் எம்.டி. சந்தோஷப்படுவார், நீங்கள் படாதீர்கள், ஒட்டிய நோட்டீஸ் இன்னும் அங்கே இருக்கிறதா, அந்த நம்பரை யாராவது எடுக்கிறார்களா என்று நீங்களே ஒரு போன் போட்டுப் பாருங்கள்.