வினாத்தாளில் வேதி வாய்பாடுகளைச் சரியாகத் தட்டச்சு செய்வது எப்படி?

மயில்துத்தத்தின் (நீரேறிய காப்பர் சல்பேட்) வாய்பாட்டில் நான்கும் உண்டு, ஐந்தும் உண்டு. ஆக்சிஜனுக்கு அடுத்த 4 கீழே இறங்கி, சிறிதாக நிற்க வேண்டும். நீருக்கு முன்னால் வரும் 5 எழுத்தின் அளவிலேயே நிற்க வேண்டும். அது நீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கை. எண் என்று கண்டதையெல்லாம் கீழே இறக்கினால் பொருளே மாறிவிடும். அதனால் முதலில் வாய்பாட்டைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத் தட்டச்சுக்கு வாருங்கள்.

(இங்கே வேதிக் குறியீடுகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டுங்கள்.)

1. எம்.எஸ். வேர்டைத் திறந்து, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் விசையை அழுத்தி ஆங்கில விசைப்பலகைக்கு மாறுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வேலை செய்பவர்கள் வாய்பாட்டுக்கு மட்டும் டைம்ஸ் நியூ ரோமனைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் குறியீடு தமிழ் எழுத்தாக மாறி நிற்கும்.

2. நீருக்கு: எச் தட்டுங்கள். கண்ட்ரோலோடு சமக்குறியை அழுத்துங்கள். 2 தட்டுங்கள். மறுபடியும் கண்ட்ரோல், சமக்குறி. இப்போது ஓ. இரண்டாம் முறை அழுத்த மறந்தால் ஓவும் கீழே போய்விடும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இதற்குக் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B). கூகுள் டாக்ஸில் கண்ட்ரோலும் காற்புள்ளியும்.

எழுத்தின் அளவை மட்டும் குறைத்து ஒப்பேற்றாதீர்கள். எண் சிறிதாகுமே தவிர, வரியிலிருந்து இறங்காது. குறியீடுகளுக்கு எழுத்துகளைத் தந்த வேதியியலாளர் பெர்சீலியஸ் இந்த எண்களை மேலேதான் எழுதினார். பின்னர் லீபிக் என்ற வேதியியலாளர் கீழே இறக்கியதுதான் நிலைத்தது. இன்று மேலே வலப்புறம் அயனியின் மின்சுமைக்கு உரிய இடம்.

3. சல்பேட் அயனிக்கு: எஸ், ஓ தட்டி, 4-ஐ முன்போலவே கீழே இறக்குங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், சமக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தி, 2-உம் கழித்தல் குறியும் தட்டுங்கள். விசைப்பலகையில் உள்ள சிறுகோடு குட்டையானது. உண்மையான கழித்தல் குறிக்கு 2212 என்று தட்டி, அந்த நான்கு இலக்கங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஆல்ட், எக்ஸ் அழுத்துங்கள். தேர்ந்தெடுக்காமல் அழுத்தினால் முன்னால் உள்ள 2-ஐயும் சேர்த்துப் படித்து வேறு எதையாவது காட்டக்கூடும்.

4. வினை அம்புக்கு 2192, மீள்வினைக்கு 21சிசி, மயில்துத்தத்தின் நடுப்புள்ளிக்கு 00பி7 (00B7). மூன்றுக்கும் அதே ஆல்ட், எக்ஸ் முறைதான். இரண்டு சிறுகோடும் ஒரு கூர்முனையும் தட்டினால் வேர்ட் தானே ஓர் அம்பு போடும். அதை நம்ப வேண்டாம். அது விங்டிங்ஸ் எழுத்துருவில் இருக்கும் உரு. எழுத்துரு மாறினால், தலையில் கோடு போட்ட ஏ எழுத்தாகிவிடும். நான் தயாரித்த வினாத்தாள் ஒன்று அச்சாகி வந்தபோது எல்லாச் சமன்பாடுகளிலும் அந்த எழுத்துதான் நின்றது. தேர்வறையில் ஒவ்வொரு மாணவருக்கும் விளக்க வேண்டியிருந்தது.

5. நாற்பது இடங்களில் வெறும் எச்2ஓ என்று தட்டிவைத்த பழைய கோப்பு இருக்கிறதா? ஓரிடத்தில் மட்டும் சரியாக வடிவமைத்து, அதை நகலெடுங்கள். கண்ட்ரோல், எச் அழுத்தி, தேடும் பெட்டியில் வெறும் வாய்பாட்டையும், மாற்றும் பெட்டியில் கூம்புக்குறியும் சிறிய சியும் (^ குறியை அடுத்துச் சி) தட்டுங்கள். நகலெடுத்த வடிவம் எல்லா இடத்திலும் அப்படியே வந்து உட்காரும்.

மாற்றும் முன் பெரிய, சிறிய எழுத்துகளைப் பிரித்துப் பார்க்கும் 'மேட்ச் கேஸ்' தேர்வைக் கட்டாயம் போடுங்கள். கோபால்ட்டின் குறியீட்டில் இரண்டாம் எழுத்து சிறியது. அதையே பெரிதாக்கினால் கார்பன் மோனாக்சைடு.