ப்ரிவ்யூவில் வழுக்கை, ரெண்டரில் கரடி: பிளெண்டர் முடி ஏன் இப்படி மாறுகிறது?

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் முதன்முதலாக ஒரு தலைக்கு முடி வைத்தபோது, திரையில் அது புதிதாக நாற்று நட்ட வயல் மாதிரி இடைவெளி விட்டுத் தெரிந்தது. முடி போதவில்லை போலிருக்கிறது என்று நம்பர் கட்டத்தில் இருந்த 1000-ஐ 10,000 ஆக்கினேன். அடர்த்தியாக வந்துவிட்டது. ரெண்டர் செய்ய, அதாவது இறுதிப் படத்தை உருவாக்க, எஃப்12-ஐ அழுத்திவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தால் லேப்டாப் விசிறி அலறுகிறது, திரை அப்படியே உறைந்து கிடக்கிறது. நான் திரையில் பார்த்தது, படி 2-ல் வரும் பிள்ளை முடிகளின் கணக்குப்படி, ஒரு லட்சம் முடி. பிளெண்டர் உள்ளே முளைக்க வைத்துக்கொண்டிருந்தது 10 லட்சம்.

உங்களுக்கு இது நடக்காமலிருக்க, முடியைத் துகள்களாக முளைக்க வைக்கும் பழைய பார்ட்டிகிள் முறையிலேயே படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: முடியை முளைக்க வைப்பது

தலையைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யுங்கள். பார்ட்டிகிள் பக்கத்தில் கூட்டல் குறியைத் தட்டி ஹேர் என்று மாற்றுங்கள். முடி முள்ளம்பன்றி மாதிரி கிளம்பும், பயப்பட வேண்டாம். ஹேர் லெங்த் 4 மீட்டர் என்று இருக்கும், அதை 0.1 ஆக்கினால் 10 செ.மீ. முடி.

படி 2: பிள்ளை முடிகள்

குழப்பத்தின் வேர் இங்கேதான். சில்ட்ரன் பகுதியில் இன்டர்போலேட்டட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே இரண்டு கட்டங்கள் வரும்: டிஸ்ப்ளே அமவுண்ட் 10, ரெண்டர் அமவுண்ட் 100. அதாவது நம்பர் கட்டத்தில் எண்ணப்படும் ஒவ்வொரு தாய் முடிக்கும் திரையில் 10 பிள்ளைகள், ரெண்டரில் 100. தாய் முடி 1000 என்றால் திரையில் 10,000, ரெண்டரில் 1,00,000. மனிதத் தலையிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிதான் என்பதால் ரெண்டர் கணக்கு நியாயமானதே. திரையில் தெரிவதுதான் கணினி திணறாமலிருக்கக் காட்டப்படும் மாதிரி.

அதனால் வழுக்கை தெரிந்தால் நம்பரைத் தொடாதீர்கள். தாய் முடி கூடினால் அப்புறம் சீவுவதும் பெரும்பாடு. டிஸ்ப்ளே அமவுண்ட்டைச் சற்று நேரம் 100 ஆக்கி, அடர்த்தியைப் பார்த்துவிட்டு மறுபடி 10-க்கே இறக்கிவிடுங்கள்.

இன்னொன்று. வியூபோர்ட்டை (நாம் வேலை செய்யும் காட்சித் திரையை) ரெண்டர்ட் நிலைக்கு மாற்றிவிட்டால் தெரிவதெல்லாம் நிஜம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேயும் டிஸ்ப்ளே கணக்குதான் ஓடுகிறது.

படி 3: தடிமன்

சாலிட் என்ற சாதாரணக் காட்சி நிலையில் ஒவ்வொரு முடியும் மெல்லிய கோடாகத் தெரியும். ஆனால் ஹேர் ஷேப் பகுதியில் டயாமீட்டர் ரூட் 1, ரேடியஸ் ஸ்கேல் 0.01 என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வேரில் 1 செ.மீ. தடிமன்! பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் ரெண்டர் செய்தால் தலையில் தாம்புக்கயிறு தொங்கும். நிஜ முடி 0.1 மி.மீ.க்கு மேல் அதிகம் போகாது. தலை நிஜ அளவில் இருந்தால் ரேடியஸ் ஸ்கேலை 0.0001 ஆக்குங்கள்.

படி 4: வளைவு

சுருட்டை முடி திரையில் உடைந்த கம்பி மாதிரி இருக்கிறதா? வியூபோர்ட்டில் ஸ்ட்ராண்ட் ஸ்டெப்ஸ் 2, ரெண்டரில் ஸ்டெப்ஸ் 3. எண் ஒன்று ஏறினால் துண்டுகள் இரட்டிப்பாகும்: 2 என்றால் 4 துண்டு, 3 என்றால் 8. சுருட்டைக்கு ரெண்டரில் 5 வைப்பேன். நேரான முடிக்கு 3 போதும்.

படி 5: நிறம்

முடிக்கு நிறமும் பளபளப்பும் தரும் பிரின்சிபிள்ட் ஹேர் ஷேடர் சைக்கிள்ஸுக்காக உருவானது. மெட்டீரியல் ப்ரிவ்யூ ஓடுவது ஈவீ என்ற வேறொரு எஞ்சினில். அதனால் அங்கே தெரியும் நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மெலனின் (முடியின் நிறமி) முறையைத் தேர்ந்தெடுத்து 1-க்குப் பக்கத்தில் வைத்தால் கருப்பு. பொன்னிற முடியில் ஒளி இழைக்கு இழை பாய்ந்துகொண்டே போகும். லைட் பாத்ஸில் பவுன்ஸ் எண்ணிக்கையை (ஒளி எத்தனை முறை தெறிக்கலாம் என்பதை) குறைத்திருந்தால் அழுக்காகத் தெரியும். கருமுடிக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஒளியைச் சீக்கிரமே விழுங்கிவிடும்.

படி 6: ஒரு துண்டு மட்டும் ரெண்டர்

முழுப் படத்தையும் ரெண்டர் செய்து காத்திருக்க வேண்டாம். நம்பேடில் 0 அழுத்தி கேமரா வழியாகப் பாருங்கள். கண்ட்ரோல் + பி அழுத்தி, நெற்றியும் முடியும் சேரும் இடத்தில் ஒரு சின்னக் கட்டம் இழுங்கள். எஃப்12 தட்டினால் அந்தத் துண்டு மட்டும், ரெண்டர் கணக்கிலேயே வரும். சாம்பிள்ஸ் (ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியைக் கணக்கிடும் தடவைகள்) 128 போதும். படத்தின் புள்ளிக் குறைகளைத் துடைக்கும் டீநாய்ஸை அணைத்துவிடுங்கள், சாம்பிள் குறைவாக இருக்கும்போது அது மெல்லிய இழைகளைக் குழைத்து மெழுகாக்கிவிடும். கட்டத்தை நீக்க கண்ட்ரோல் + ஆல்ட் + பி.

ரெண்டரில் முடியே வரவில்லை என்றால் மாடிஃபையர் பக்கத்தில் கேமரா குறி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். முடி வந்து தலை காணாமல் போயிருந்தால், பார்ட்டிகிள் பக்கத்தின் ரெண்டர் பகுதியில் ஷோ எமிட்டர் டிக் போயிருக்கும்.